தொட்டிலும் தொழுகைப் பாயும்



நம் வீடுகளில் தொழுகை எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கன்னிப் பெண்ணாக இருந்தபோது ஐந்து வேளையும் தவறாமல் தொழுதவள், முதல் பிள்ளை பிறந்த பின்னும் ஒருவாறு சமாளித்துத் தொழுது வருகிறாள். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் கைவிட்டு விடுகிறாள். மூத்தது தத்தித் தத்தி நடந்து கண்டதையெல்லாம் இழுக்கிறது. இளையது தொட்டிலில் கிடந்து வீறிடுகிறது. ஒன்று கண் அயர்ந்தால் மற்றது விழித்துக் கொள்கிறது. "பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும், பிறகு தொழுது கொள்ளலாம்" என்று அவள் தனக்குத் தானே சொல்லிக் கொள்கிறாள். பிள்ளைகள் வளர்ந்து விடுகிறார்கள். ஆனால் உம்மாவைத் தொழுகைப் பாயில் பார்த்தறியாத பிள்ளைகளாக வளர்கிறார்கள்!

அவளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. தாய் தன் பிள்ளையைப் பலவீனத்தின் மேல் பலவீனம் பட்டுச் சுமக்கிறாள் என்று திருக்குர்ஆனே (31:14) கூறுகிறது. அவளுடைய களைப்பு உண்மை. ஆனால் இத்தகைய தாய்க்கு நம் மார்க்கம் வழி எதையும் வைக்கவில்லையா என்பதே கேள்வி. வைத்திருக்கிறது. அந்த வழியை அறியாததால்தான் பலர் தொழுகையை இழக்கிறார்கள்.

பாத்திமா நாயகியின் இல்லம்

ஹஸன் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு ரமலானிலும், ஹுஸைன் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 4-ஆம் ஆண்டு ஷஃபானிலும் பிறந்ததாக வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியுள்ளனர். அப்படியானால் இருவருக்கும் இடையே ஓராண்டு கூட இல்லை! நடை பழகும் பிள்ளையும் பால் குடிக்கும் பிள்ளையும் ஒரே நேரத்தில் இருந்த வீடு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களின் வீடு.

அந்த வீட்டில் பணிப்பெண் இல்லை. திரிகை சுற்றிக் கை நொந்ததால் உதவிக்கு ஓர் ஆள் வேண்டித் தந்தையாரிடம் சென்றார்கள் பாத்திமா நாயகி. பெருமானார் (ஸல்) அவர்கள் இரவில் மகளின் வீட்டுக்கு வந்து, கணவன் மனைவி இருவருக்கும் நடுவே அமர்ந்து, படுக்கைக்குச் செல்லும்போது ஸுப்ஹானல்லாஹ் 33 தடவையும், அல்ஹம்துலில்லாஹ் 33 தடவையும், அல்லாஹு அக்பர் 34 தடவையும் ஓதும்படியும், அது பணியாளை விடச் சிறந்தது என்றும் கற்றுக் கொடுத்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உழைப்பு மனைவியின் கையில் இருந்தும், மருந்து இருவருக்குமே சொல்லப்பட்டது. அலி (ரலி) அவர்கள் ஸிஃப்பீன் போர் இரவில் கூட இதை விட்டதில்லை என்று கூறியிருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டின் வணக்கம் தாய் மட்டும் சுமக்கும் பாரமன்று என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

நாற்பது நாள் கணக்கு

பிரசவித்தவள் நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றிக் கொள்ளும் வரை தொழக் கூடாது என்பது ஊர்ப் பெண்களிடையே வேரூன்றிய எண்ணம். இது சரியன்று. பிரசவ இரத்தத்திற்கு, அதாவது நிபாஸுக்கு, மிகக் குறைந்த காலம் என்று நாள் கணக்கு எதுவுமில்லை. மிக அதிகமான காலம் ஹனஃபி மத்ஹபில் 40 நாட்கள்; ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாட்கள்; 40 நாட்கள் என்பது அம்மத்ஹபில் பெரும்பாலான பெண்களுக்குரிய வழக்கமே.

ஆகவே இருபதாம் நாளில் இரத்தம் நின்று சுத்தமாகி விட்டால், அன்றே குளித்துத் தொழத் தொடங்குவது கடமை. நாற்பதை எதிர்பார்த்துக் காத்திருந்தால், அந்த இருபது நாட்களின் தொழுகையும் கழாவாகத் தலைமேல் ஏறிவிடும். நிபாஸுடைய நாட்களில் விடுபட்ட தொழுகைக்குக் கழா இல்லை. நோன்புக்கு மட்டுமே கழா உண்டு. நின்ற இரத்தம் திரும்பக் கண்டாலோ, நாள் கடந்தும் நிற்காவிட்டாலோ, தன் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

"துணி சுத்தமில்லையே!"

தாய்மார்கள் சொல்லும் அடுத்த காரணம் இது. மடியில் எப்போதும் குழந்தை. எந்த நேரம் எது படும் என்று தெரியாது. இதற்குரிய மஸ்அலாக்களை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்:

1. தாய்ப்பால் சுத்தமானது. அது ஆடையில் பட்டால் கழுவ வேண்டியதில்லை. பால் கொடுப்பதால் ஒளு முறியாது. ஆனால் வயிற்றுக்குள் சென்று திரும்பி வந்த பால், ஷாஃபிஈ மத்ஹபில் வாந்தியின் சட்டத்தில் சேரும். அது பட்ட இடத்தை மட்டும் கழுவினால் போதும். உடுப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

2. இரண்டு வயது நிறையாத, பாலைத் தவிர வேறு உணவு உண்ணத் தொடங்காத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்டால், ஷாஃபிஈ மத்ஹபில் ஈரத்தை ஒற்றியெடுத்து, அந்த இடம் முழுவதும் படும்படி தண்ணீர் தெளித்தால் போதும். உம்மு கைஸ் (ரலி) அவர்களின் சிறு பிள்ளை நபியவர்களின் மடியில் சிறுநீர் கழித்தபோது, தண்ணீர் வரவழைத்துத் தெளித்தார்கள், கழுவவில்லை என்ற ஹதீஸ் இதற்கு ஆதாரம். பெண் குழந்தையின் சிறுநீரைக் கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டையுமே கழுவ வேண்டும்.

3. குழந்தைக்குக் கால் கழுவி விடும்போது கையில் அசுத்தம் படுவதால் மட்டும் ஒளு முறியாது. கையைக் கழுவினால் போதும். எனினும் குழந்தையின் மர்மஸ்தானத்தை உள்ளங்கையால் நேரடியாகத் தொட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறியும். ஹனஃபி மத்ஹபில் முறியாது. ஆகவே முதலில் குழந்தையைச் சுத்தம் செய்து துணி மாற்றிவிட்டு, அதன்பின் ஒளுச் செய்வதே எளிது.

4. குழந்தையின் உடுப்பு அசுத்தமாயிருக்கிறது என்று உறுதியாகத் தெரியாதவரை அதைச் சுத்தமானது என்றே கொள்ள வேண்டும். வீண் சந்தேகம் தேவையில்லை. ஆனால் அசுத்தமாகியிருப்பது தெரிந்தால், அந்தக் குழந்தையைச் சுமந்து கொண்டு தொழக் கூடாது. இக்காலத்து டயப்பருக்கும் இதே சட்டந்தான். அசுத்தம் வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறதல்லவா?

இவற்றோடு, தொழுகைக்கென்று ஓர் உடுப்பையும் துப்பட்டியையும் தனியே, மூத்த பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வையுங்கள். பாதித் தடை அப்போதே நீங்கிவிடும்.

தொழும்போது அழுதால்?

பெருமானார் (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழ வைக்க நினைத்து நிற்பார்கள். பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய்க்குச் சிரமம் தர விரும்பாமல் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள் என்று அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு ஜமாஅத்தின் தொழுகையே ஒரு தாயின் மனத்திற்காகச் சுருங்கியது என்றால், வீட்டில் தனியே தொழும் தாய் சுருக்கித் தொழுவதற்குத் தயங்குவானேன்? சிறிய சூராக்களை ஓதலாம். ருகூவிலும் ஸுஜூதிலும் நிதானம் குறையாமல், தஸ்பீஹை மூன்றோடு நிறுத்திக் கொள்ளலாம்.

நபியவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். ஸுஜூதுக்குச் செல்லும்போது இறக்கி விடுவார்கள். எழும்போது தூக்கிக் கொள்வார்கள். ஆகவே சுத்தமாக உள்ள குழந்தையைத் தூக்கிக் கொள்வது தொழுகையைக் கெடுக்காது. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் பெரிய அசைவுகள் மூன்று தொடர்ச்சியாக ஏற்பட்டால் தொழுகை முறிந்து விடும். குழந்தையை எட்டும் தூரத்தில் படுக்க வைத்துக் கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

பிள்ளை அடுப்பை நோக்கியோ கிணற்றை நோக்கியோ போனால், தொழுகையை உடனே முறித்துவிட்டு ஓடிக் காப்பாற்றுவது கடமை. அந்நேரத்தில் தொழுகையில் நிற்பது பக்தியாகாது. ஆகையால் தக்பீர் கட்டுவதற்கு முன்பே சமையலறைக் கதவைச் சாத்துங்கள். தண்ணீர் வாளியை மூடுங்கள், அல்லது கவிழ்த்து வையுங்கள். சிறு பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரே கிணறுதான். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூத்ததையும் இளையதையும் கட்டிலில் தனியே விட்டுவிட்டு வேறு அறையில் போய்த் தொழாதீர்கள்.

மூத்த பிள்ளையின் மனம்

நேற்று வரை மடி முழுவதும் அதற்கே உரியதாக இருந்தது. இன்று அந்த மடியில் வேறொன்று படுத்திருக்கிறது. படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்று போன பிள்ளை மறுபடியும் நனைக்கிறது. நடக்கத் தெரிந்தும் தூக்கு என்று கையை நீட்டுகிறது. தம்பியைக் கிள்ளிவிட்டு ஓடுகிறது. இது பிடிவாதமுமன்று, கெட்ட குணமுமன்று. தன் இடம் போய்விட்டதோ என்ற அச்சம்!

யூஸுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். தந்தைக்கு யூஸுபும் அவர் தம்பியுமே நம்மை விடப் பிரியமானவர்கள் என்று அண்ணன்மார் பேசிக் கொண்டதிலிருந்து தானே அத்தனை துயரமும் தொடங்கியது? யஃகூப் நபி (அலை) அவர்கள் நீதி தவறியவர்கள் அல்லர். இருந்தும் பிள்ளைகளின் உள்ளத்தில் அந்த எண்ணம் புகுந்தது. பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடக்கும்படி நபியவர்கள் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்குக் கட்டளையிட்டது ஓர் அன்பளிப்பு விஷயத்தில்தான். பொருளிலேயே இவ்வளவு எச்சரிக்கை என்றால் பாசத்தில் எவ்வளவு வேண்டும்!

இப்போது தொழுகைப் பாயை அந்தப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். உம்மாவைத் தன்னிடமிருந்து எடுத்துக் கொண்டவை இரண்டு: ஒன்று தொட்டில், மற்றது தொழுகைப் பாய். பாயின் அருகே வந்தாலே "போ அந்தப் பக்கம்" என்று விரட்டப்படும் பிள்ளைக்கு, தொழுகையின் மேல் எப்படி விருப்பம் வரும்?

பெருமானார் (ஸல்) அவர்கள் ஸுஜூதில் இருந்தபோது பேரப் பிள்ளை முதுகில் ஏறிக் கொண்டது. பிள்ளை தானாக இறங்கும் வரை, அதை அவசரப்படுத்த விரும்பாமல், ஸுஜூதை நீட்டினார்கள். பின்னால் நின்ற ஸஹாபாக்கள் ஏதோ நேர்ந்து விட்டது என்று நினைக்கும் அளவுக்கு அது நீண்டது. நம் வீட்டுப் பிள்ளையும் முதுகில் ஏறட்டும். அதற்கென்று ஒரு சிறு பாயைப் பக்கத்தில் விரித்துக் கொடுங்கள். அது குனியும், உருளும், நடுவில் எழுந்து ஓடும். ஓடட்டும்! தொழும்படி ஏவுவதற்கே ஏழு வயது ஆக வேண்டும் என்பது நபிவழி. ஸலாம் கொடுத்ததும் முதலில் தொட்டிலை நோக்கி ஓடாமல், மூத்த பிள்ளையை ஒருமுறை அணைத்து முத்தமிடுங்கள். தொழுகை முடிந்தால் உம்மா நமக்குக் கிடைப்பாள் என்று அதன் மனத்தில் பதிந்து விடும்.

வாப்பாவின் பங்கு

சகோதரர்களே! இது உங்களுக்கு. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்கு வேலை செய்து கொடுப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டு விடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். நாமோ பின்பாதியைப் பிடித்துக் கொண்டு முன்பாதியை விட்டு விட்டோம்! பள்ளியில் ஜமாஅத் முடிந்து வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுகிறோம். அந்த நேரத்தில் வீட்டில் ஒருத்தியின் மஃரிப் நேரம் கரைந்து கொண்டிருக்கிறது. நேரே வீட்டுக்கு வந்து, "பிள்ளைகளை நான் பார்த்துக் கொள்கிறேன், நீ போய்த் தொழு" என்று சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும். ஒருத்தியின் பர்ளு நிறைவேறக் காரணமாக இருப்பது சாதாரண நன்மையா?

பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒன்றையும் முத்தமிட்டதில்லை என்று கூறிய அக்ரஃ இப்னு ஹாபிஸ் அவர்களுக்கு, இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்பட மாட்டார் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்றும், பிள்ளையின் பொருட்டுத் தாய்க்கோ தந்தைக்கோ இடர் விளைவிக்கக் கூடாது என்றும் திருக்குர்ஆன் (2:233) கூறுகிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண் தாய் வீட்டிலேயே இருப்பதால், மூத்தும்மாவும் சாச்சியும் பிள்ளையை வாங்கிக் கொள்வார்கள். நகரங்களில் தனிக்குடித்தனம் செய்பவளுக்கு அந்தக் கை இல்லை. அவளுக்குக் கணவனின் கைதான் எல்லாம். கணவன் அரபு நாட்டில் இருந்தால், பக்கத்து வீட்டுச் சகோதரி ஒரு வேளையாவது வந்து பிள்ளையை வைத்துக் கொள்ளட்டும். அதுவும் ஓர் அண்டை வீட்டு உரிமையே.

தொடங்க வேண்டிய இடம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய முனையாதீர்கள். சுன்னத்துத் தொழுகைகள், நீண்ட ஓதல் ஆகியவற்றுக்கு நேரம் கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். பர்ளு ஐந்தையும் அவற்றின் நேரத்தில் நிறைவேற்றுவதை முதலில் உறுதிப்படுத்துங்கள். வக்து நுழைந்த பின் குழந்தை தூங்கினால், பாத்திரம் காத்திருக்கட்டும். முதலில் பாயை விரியுங்கள். நான்கு ரக்அத்துக்கு ஐந்தாறு நிமிடம் போதும். பாத்திரத்தைக் குழந்தை விழித்திருக்கும் போதும் கழுவலாம்.

தொட்டில் காலம் சில ஆண்டுகளில் முடிந்து விடும். அந்தச் சில ஆண்டுகளில் தொழுகைப் பாய் சுருட்டி வைக்கப்படாமல் இருந்தால், அதன் ஓரத்தில் உருண்டு விளையாடிய பிள்ளை நாளை அதன் மேல் தானாக வந்து நிற்கும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் வீடுகளைத் தொழுகையால் ஒளி பெறச் செய்வானாக! பாலூட்டும் தாய்மார்களின் சிரமத்தை இலகுவாக்குவானாக! ஆமீன்.