மலிவான மூட்டையும் வாழை விவசாயியின் வரவு செலவும்

டெல்லியில் எடுக்கப்படும் ஓர் உர விலை முடிவு, தாமிரபரணிக் கரையிலுள்ள கொற்கை விவசாயியின் வீட்டுச் செலவையும் தொடுகிறது. கடந்த சில ஆண்டுகளின் உர விலைகளைப் பார்த்தால் இது புரியும்.

2010 மார்ச் வரை யூரியா 50 கிலோ மூட்டை வரி நீங்கலாக 241 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் மூட்டை சுமார் 223 ரூபாய். யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்தும், பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ சாம்பல் சத்தும் உண்டு. ஆகவே, ஒரு கிலோ தழைச்சத்து பத்தரை ரூபாய். சாம்பல் சத்து ஏழரை ரூபாய்தான்.

2010 ஏப்ரல் முதல் நாள் மத்திய அரசு மானிய முறையை மாற்றியது. பொட்டாஷ், டி.ஏ.பி. போன்ற உரங்களுக்குச் சத்தின் அளவுப்படி மானியம் நிர்ணயிக்கப்பட்டது. விற்பனை விலையை நிறுவனங்கள் முடிவு செய்யலாயின. யூரியா மட்டும் அரசின் விலைக் கட்டுப்பாட்டிலேயே நின்றது. இந்தியா பொட்டாஷ் உரத்தை வெளிநாட்டிலிருந்தே பெறுகிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ் நாடுகளின் நிலவரமும் டாலர் மதிப்பும் மூட்டை விலையில் ஏறின. 2012-ல் பொட்டாஷ் மூட்டை 800 ரூபாயைத் தாண்டியது. 2022-ல் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் விலை மீண்டும் உயர்ந்தது. யூரியாவோ, 2018 முதல் 45 கிலோ மூட்டையாக, சுமார் 266 ரூபாய்க்கு விற்கப்பட்டு வருகிறது.

விலை குறைந்ததை அள்ளி இடுவதும், கூடியதைக் குறைப்பதும் இயல்பு. ஆனால் வாழைக்குத் தழைச்சத்தைப் போல் சுமார் இரு மடங்கு சாம்பல் சத்து வேண்டும். அது குறைந்தால் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகும். தார் சிறுத்து, காய் திரளாது. தழைச்சத்து மிகுந்தால் மரம் மென்மையாகிக் காற்றில் சாயும். இலைப்புள்ளி நோயும் பெருகும். உரக்கடையில் மிச்சப்படுத்திய பணம் தார் விற்கும்போது இழப்பாகும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அடகு நகையை மீட்கவும் வைத்திருந்த வருவாய் அதுவே.

அரசு விலையை விவசாயி மாற்ற இயலாது. ஆனால் தன் செலவைத் திட்டமிட இயலும்.

1. மூட்டை விலையை ஒப்பிடாமல் சத்தின் விலையை ஒப்பிடுக. பொட்டாஷ் மூட்டை விலையை 30 ஆலும், இன்றைய யூரியா மூட்டை விலையை 20.7 ஆலும் வகுத்தால் கிலோ சத்தின் விலை கிடைக்கும்.

2. நடவுக்கு முன் மண் பரிசோதனை செய்து, பரிந்துரைத்த அளவே இடுக. தேவையற்ற யூரியாவைக் குறைத்தால் அந்தப் பணம் பொட்டாஷுக்கு உதவும்.

3. தழை, சாம்பல் சத்துகளை நடவு செய்த 3, 5, 7-ஆம் மாதங்களில் பிரித்து இடுக. மூன்று தவணைக்கும் பணத்தை முன்கூட்டியே ஒதுக்குக.

4. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனின் ஒரு பகுதி உரமாகக் கிடைக்கும். அதில் பொட்டாஷையும் கேட்டுப் பெறுக. கெடு தேதிக்குள் கடனைக் கட்டினால் வட்டி இல்லை.

5. அறுவடை முடிந்த வாழைத் தண்டை எரிக்காமல் நறுக்கி மண்ணில் மக்கவிடுக. அதிலுள்ள சாம்பல் சத்து நிலத்துக்கே திரும்பும். அடுப்புச் சாம்பலையும் வீணாக்க வேண்டாம்.

மூட்டையின் விலை கடையில் தெரியும். உரத்தின் உண்மையான விலை தார் வெட்டும் நாளில்தான் தெரியும்.