போனில் முதுகுவலியைப் பார்க்க முடியுமா?

கம்போங் மேடானில் இருப்பவர் செலாயாங் மருத்துவமனையின் வலி கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால், பழைய கிள்ளான் சாலை நெரிசலில் தொடங்கி கோலாலம்பூரைக் கடந்து பத்துமலைப் பக்கம் வரை போகவேண்டும். முதுகுவலிக்காரருக்கு அந்தப் பயணத்தின் வலியே மறுநாள் வரை இருக்கும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் கிட்டத்தில்தான். ஆனால் அங்கும் நாற்காலியில் காத்திருக்கத்தான் வேண்டும். நாள் சம்பளக்காரருக்கு அன்றைய கூலியும் போய்விடும். இத்தனையும் டாக்டரிடம் சில நிமிடம் பேசுவதற்காக. இந்தச் சந்திப்புகளில் பலவற்றைப் போனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றால் நம்மவர்கள் தயங்குகிறார்கள். தயக்கத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் எல்லாம் சரியான காரணங்கள் அல்ல.

நம்பிக்கை: கை வைத்துப் பார்க்காமல் வைத்தியம் ஏது?

முதல் தடவைக்கு இது நியாயமான கேள்வி. காலில் பலம் குறைந்திருக்கிறதா, எங்கே மரத்துப்போயிருக்கிறது, முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா என்பதையெல்லாம் நேரில்தான் பார்க்க வேண்டும். போனிலேயே எல்லாம் கண்டுபிடித்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் நாள்பட்ட வலி என்பது மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது. முறையான பரிசோதனை ஒருமுறை முடிந்த பிறகு டாக்டருக்குத் தெரியவேண்டியவை வேறு. ராத்திரி தூக்கம் வருகிறதா? கடைத்தெரு வரை நடக்க முடிகிறதா? மாத்திரையால் தலைச்சுற்றல், மலச்சிக்கல் உண்டா? மனசு சோர்ந்து கிடக்கிறதா? இவற்றுக்கெல்லாம் பதில் உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், நாள்பட்ட தசை, எலும்பு வலி உள்ள 250 முன்னாள் படைவீரர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினரின் வலி நிலவரத்தைத் தானியங்கிப் போன் அழைப்பிலோ இணையத்திலோ தொடர்ந்து கேட்டறிந்தார்கள். ஒரு தாதி போனில் பேசினார், நிபுணரைக் கலந்து மருந்தைச் சரிசெய்தார்கள். 12 மாதம் கழித்து, வலி குறைந்தது 30 விழுக்காடாவது தணிந்தவர்கள் போன் பிரிவில் 51.7 விழுக்காடு, வழக்கமான பிரிவில் 27.1 விழுக்காடு. 2014இல் வெளிவந்த முடிவு இது. யாரோ விடாமல் விசாரித்துக்கொண்டிருந்ததுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். நம் கிளினிக்குகளில் கிடைக்காமல் போவதும் அதுதான்.

நம்பிக்கை: எம்ஆர்ஐ எடுத்தால்தான் வலியின் காரணம் தெரியும்.

வலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015இல் வந்தது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் இருந்தது. வலியில்லாதவர்களுக்கே இப்படி. ஆபத்துக்கான அறிகுறி எதுவும் இல்லையென்றால், படம் இல்லை என்பதற்காகப் போன் ஆலோசனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

நம்பிக்கை: உடற்பயிற்சியை எதிரில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட முழங்கால் வலி உள்ள 394 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. வீடியோவில் பிசியோதெரபிஸ்டைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த பலன், நேரில் போனவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாக இல்லை. தைலமும் கோயோக்கும் அப்போதைக்கு இதம் தரும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்கு அவற்றால் பலம் வராது, பயிற்சியால்தான் வரும்.

வலியோடு வாழப் பழகும் பயிற்சி நமக்குப் புதிதும் அல்ல. 2002இலேயே செலாயாங்கில் டாக்டர் மேரி சுமா கார்டோசா குழுவினர் மெனாங் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். உடற்பயிற்சி, வேலையை அளந்து செய்வது, பயத்தைக் கையாள்வது எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பேசிப் புரியவைக்க வேண்டிய பகுதி போனுக்கு நன்றாகவே பொருந்தும்.

நம்பிக்கை: வயதானவர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது.

டாக்டரிடம் பேசுவதற்கு வீடியோ வேண்டியதில்லை. சாதாரணப் போன் போதும்.

நம்பிக்கை: போனில் பேசினால் எந்த மருந்தும் கிடைக்கும்.

கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. மார்பின் போன்றவை 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தின் கீழ் வருபவை. பேசுகிறவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற டாக்டர்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அரசாங்க மருந்தகத்தில் தொடர்ந்து வாங்கும் மாத்திரைகளை அஞ்சலில் பெறும் வசதி 2011 முதல் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது மருந்தகத்தில் விசாரியுங்கள்.

நம்பிக்கை: போன் இருக்கிறது, இனி ஆஸ்பத்திரி வேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனால், சிறுநீர் வராமல் அடைத்தால், தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனால், கால் திடீரெனப் பலமிழந்தால், போன் ஆலோசனைக்கு நேரம் கேட்டுக் காத்திருக்காதீர்கள். நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். அதற்கு உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும், தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்த பிறகு வரும் வலி இவற்றுக்கும் நேரில்தான் போகவேண்டும். நடக்க முடியாவிட்டால் 999ஐ அழையுங்கள்.