தரகரின்றி வீடு விற்பது எப்படி?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைத் தரகரின்றி நாமே விற்கலாம். 600,000 வெள்ளி வீட்டிற்கு நூற்றுக்கு இரண்டு தரகு என்றால் 12,000 வெள்ளி மிச்சம்.

முதலில் விற்கும் எண்ணத்தைக் கழகத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். ஏழு நாள் கழிந்த பின்னரே ஆப்ஷன் பத்திரம் கொடுக்கலாம். அதற்கு 1,000 வெள்ளிக்கு மேல் வாங்கலாகாது. அதன் தவணை 21 நாள். அதற்குள் வேறொருவருக்குப் பத்திரம் கொடுக்கலாகாது.

முக்கியமானது, 1989 முதல் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை. நம் புளோக்கிலோ வட்டாரத்திலோ சீனர் விகிதம் நிறைந்திருந்தால், இந்தியராகிய நாம் சீனருக்கு விற்க இயலாது. நாம் விலை பேசி முடித்த பின்னரே இதை அறிந்தோம், பேச்சு முறிந்தது. ஆதலால் விகிதத்தை முதலில் பாருங்கள். பிறகு விலை பேசுங்கள். வியாபாரிக்கு வாக்கே முதல். நிறைவேற்ற இயலாத வாக்கைக் கொடுக்க வேண்டாம்.