சின்னத் துப்பாக்கி என்று நினைக்காதே

அன்புள்ள மருமகளுக்கு,

என்.சி.சி. கேம்ப்பில் ஃபயரிங்குக்கு உன்னையும் எடுத்திருக்கிறார்கள் என்று அக்கா போனில் சொன்னாள். "வெறும் பாயிண்ட் டூ டூ ரைஃபிள்தானா?" என்று நீ சலித்துக்கொண்டாயாம்.

அந்தச் சலிப்பை விட்டுவிடு தாயி. பாரீஸ் ஒலிம்பிக்கில் 2024இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இதே ரகத் தோட்டாவில்தான். அங்கே 50 மீட்டர் தூரம். பத்துப் புள்ளி வளையத்தின் அகலமோ 10.4 மில்லிமீட்டர். பெரிய ரைஃபிளில் குறி தவறினால் உதையின் மேல் பழி போடலாம். இதில் உதை பெயருக்குத்தான், சத்தமும் குறைவு. நீ செய்யும் தப்பு அப்படியே பேப்பரில் விழும். பழகுகிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

படுத்துச் சுடும்போது ரைஃபிளைக் கைபலத்தால் இலக்குக்கு இழுக்காதே. பலரும் கெடுவது இங்கேதான். குறி பார்த்தபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திற. முன்குறி பக்கவாட்டில் விலகியிருந்தால் இடது முழங்கையை ஊன்றிய இடத்திலேயே வைத்து, இடுப்பையும் காலையும் நகர்த்திச் சரிசெய். கையால் இழுத்துப் பிடித்த குறி, தசை தளர்ந்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். கண் முன்குறியின் நுனியில் நிற்கட்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ட்ரிகரை நேராகப் பின்னுக்கு மெல்ல அழுத்து. ஏழெட்டு நொடிக்குள் வெடிக்கவில்லையென்றால் விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்சு வாங்கிக்கொள். வெடித்த உடனே தலையைத் தூக்கி எங்கே பட்டது என்று பார்க்காதே. கன்னம் ரைஃபிள் கட்டையிலேயே ஒரு கணம் இருக்கட்டும்.

இந்தத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள் இருக்கும். ஊசி விளிம்பில்தான் அடிக்கும். விளிம்பில் மருந்து சரியாகப் பரவாத இடத்தில் அடி பட்டால் வெடிக்காது. அப்போது உடனே போல்ட்டைத் திறக்காதே, தாமதித்தும் வெடிக்கலாம். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, கையைத் தூக்கி, பயிற்சி தரும் உஸ்தாதைக் கூப்பிடு. அரை நிமிடமாவது பொறு. ரைஃபிளின் தோட்டா அறை காலியாக இருக்கும்போது ட்ரிகரைத் தட்டி விளையாடவும் கூடாது. சில ரைஃபிள்களில் ஊசி அறையின் விளிம்பில் மோதித் தேயும். உஸ்தாத் அனுமதித்தால் சுட்ட வெற்றுக்கூட்டைப் போட்டுப் பழகு.

குண்டு சின்னதுதான், ஆனால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும், ஆளையும் கொல்லும். தோட்டாவை இறக்கிவிட்டோம் என்று நம்பி எவர் பக்கமும் குழலைத் திருப்பாதே. சுடும் நொடிவரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கட்டும். உன் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளை இதில் தவறினாலும் கூச்சப்படாமல் சொல்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடு. தோட்டாவில் ஈயம் இருக்கிறது. பிறகு பேப்பரைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. நடுவில் எத்தனை பட்டது என்று எழுத வேண்டாம். ஐந்து துளையும் எத்தனை சென்டிமீட்டருக்குள் அடங்கின என்று அளந்து எழுது. ஓரத்தில் விழுந்தாலும் ஒன்றாக விழுந்திருந்தால் போதும். நடுவுக்குக் கொண்டுவருவது பின்குறியைத் திருகும் வேலைதான்.

அன்புடன்,
உன் மாமா