காற்றின் ஈரம் பார்த்து வண்ணப் பெட்டியைத் திறங்கள்

புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் உட்கார்ந்து இயற்கைக் காட்சி தீட்ட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, வாட்டர் கலரில் தொடங்கலாமா, ஆயிலில் தொடங்கலாமா என்பதுதான். “வாட்டர் கலர் எளிது, செலவும் குறைவு, அதிலேயே தொடங்குங்கள்” என்ற பதில் வழக்கமாகக் கிடைக்கும். வீட்டுக்குள் மேசை போட்டு வரைகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். வயல் வரப்பில் உட்காருகிறவருக்குப் பாதி ஆண்டுக்கு மேல் அது தவறான பதில். வெளியில் தாளின் மேல் வண்ணம் எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. புனேயில் அந்தக் காற்று ஆண்டுக்கு மூன்று முறை அடியோடு மாறுகிறது. எனவே எது பிடிக்கும் என்பதைவிட, இது எந்த மாதம் என்பதைப் பார்த்துப் பெட்டியை எடுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீர்வண்ணத்தின் காலம். விடியற்காலையில் குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இறங்கும். பவனா, முளா ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் பனிமூட்டம் தங்கும். வானத்துக்குப் பூசிய வாஷ் (நீர்த்த பூச்சு) நீங்கள் மலை விளிம்பைத் தொடும் வரை ஈரமாகக் காத்திருக்கும். வெயில் ஏறியதும் அடுத்த பூச்சுக்குத் தாள் தயாராகிவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் வாங்குங்கள். மரக்கூழ்த் தாளில் இரண்டாவது பூச்சு போடும்போதே முதல் பூச்சு கலங்கும். பழி கைமேல் விழும். முழு ஷீட்டை நான்காகக் கிழித்தால் வரும் 11க்கு 15 அங்குலம் வெளியிடத்துக்குப் போதும். அப்பா பல்வந்த் சௌக் பக்கத்துக் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

மார்ச் பிறந்ததும் நிலைமை தலைகீழ். பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போகிற நாட்கள் உண்டு. தாளின் மேலே தொடங்கிய வாஷ் கீழே வருவதற்குள் மேல்பகுதி காய்ந்து கோடு விழுந்துவிடும். பலர் இந்த மாதங்களில்தான் மனம் உடைந்து நீர்வண்ணத்தை விட்டுவிடுகிறார்கள். மே முடியும் வரை எண்ணெய் வண்ணத்துக்கு மாறுங்கள். எண்ணெய் வண்ணம் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. ஏப்ரல் வெயிலிலும் ஒரு விளிம்பைக் குழைக்க உங்களுக்குத் தாராளமாக நேரம் இருக்கும். நீர்வண்ணத்தை விட முடியாது என்பவர்கள் மருந்துக்கடைக் கிளிசரினைச் சில துளி தண்ணீரில் கலந்துகொள்ளலாம். தாளின் பின்புறத்தையும் நனைத்து ஓர் அக்ரிலிக் பலகைமேல் ஒட்ட வைத்தால் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

மழைக்காலத்தைப் பற்றி நான் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையும் எண்ணெய் வண்ணம்தான் நம்பகமானது. முள்ஷியிலும் போர் என்ற ஊர்ப் பக்கத்திலும் ஆகஸ்ட் மாதம் நீர்வண்ணத் தாள் மணிக்கணக்கில் காயாது. ஒரு பூச்சின்மேல் இன்னொன்று வைக்கவே முடியாது. எண்ணெய் வண்ணத்தின் மேல் விழுகிற சாரலோ முத்தாக உருண்டு ஓடிவிடும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடரலாம். முதல் பூச்சு வைக்கும்போது மட்டும் பலகை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். கோயில் மண்டபம், எஸ்டி பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடத் திண்ணை என்று ஏதாவது கூரைக்குள் உட்கார்ந்து வெளியே பார்த்துத் தீட்டுங்கள். நீர்வண்ணத்தை இந்த மாதங்களில் ஒரே காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: அஞ்சலட்டை அளவுத் தாளை முழுக்க நனைத்து, மேகம் மலைமேல் இறங்குவதை ஒரே பூச்சில் பிடிப்பது. அந்தக் காட்சிக்குக் காயாத காற்றே துணை நிற்கும்.

இனி மலைகள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே செய்கிற பிழை ஒன்று உண்டு. செஞ்சியும் திருவண்ணாமலையும் பார்த்துப் பழகிய கை, மலை என்றதும் உருண்டையாக வளைத்துவிடும். நம் பக்கத்துப் பாறை பழைய கருங்கல் வகை. ஏடு ஏடாகப் பெயர்ந்து உருண்டு திரண்டது. தக்காணத்து மலை அப்படி உருவானதல்ல. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்த பசால்ட் இது. கெட்டியான அடுக்கு செங்குத்துச் சுவராக நிற்கும். இளகிய அடுக்கு சரிந்து புல் முளைத்த திட்டாகும். சிங்ககட், லோஹகட், புரந்தர், எந்தக் கோட்டை மலையைப் பார்த்தாலும் உச்சி தட்டை, பக்கம் படிக்கட்டு. தீட்டும்போது முதலில் அந்தக் கிடைக்கோடுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு மெல்லிய நிழல் பட்டை, ஒவ்வொரு திட்டுக்கும் வெளிச்சப் புல் பட்டை. இரண்டையும் கோடாக இழுக்காமல் அங்கங்கே அறுத்து அறுத்து வைத்தால் போதும், பார்க்கிறவருக்கு இது சஹ்யாத்ரி என்று தெரிந்துவிடும்.

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதை இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கணக்குப் போடுங்கள். புனேக்கு மேற்கே மலைத்தொடர். காலையில் மேற்கு நோக்கி உட்கார்ந்தால் வெயில் உங்கள் முதுகிலிருந்து மலைமேல் நேராக விழும். நிறம் நன்றாகத் தெரியும், வடிவம் தட்டையாகிவிடும். மாலையில் அதே மலைகள் வெளிச்சத்துக்கு எதிரே நின்று, ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிய நீல அடுக்குகளாகும். நீர்வண்ணத்துக்கு அது விருந்து. சுவரும் திட்டும் துலங்க வேண்டுமென்றால் பக்கவாட்டு வெயில் வேண்டும். அதற்கு வடக்கோ தெற்கோ பார்க்கிற இடம் தேடுங்கள். சிங்ககட் தொடர் கிழக்கு மேற்காக நீள்வதால், டோண்ஜே பக்கத்திலிருந்து தெற்கே பார்க்கும்போது குளிர்காலம் முழுக்க மலை முகம் பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். ஊதா கலந்த அந்த நிழலை விரும்புகிறவர்கள் டிசம்பரில் போகலாம். மலையில் வெயில் விளையாடுவதைத் தீட்ட நினைப்பவர்கள் மறுபக்கம் சுற்றிப் போக வேண்டும். மே மாத நடுவில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே நிற்கிறது. ஒன்பதரை மணிக்குள் பெட்டியை மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு காட்சியில் வடிவம் மிஞ்சாது.

எந்த நேரமானாலும் உட்கார்ந்ததும் நிழல்களின் எல்லையைப் பென்சிலால் வரைந்து, ஓரத்தில் மணியைக் குறித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நிழல் நகர்ந்திருக்கும். நகர்ந்த நிழலைத் துரத்தினால் படத்தில் இரண்டு சூரியன்கள் வந்துவிடும். உங்கள் தாளையோ பலகையையோ நேர் வெயிலில் வைக்கவும் கூடாது. வெயிலில் எல்லா நிறமும் பளிச்சென்று தெரிவதால் கை தானாகவே கறுப்பேற்றிக் கலக்கும். வீட்டுக்கு வந்ததும் படம் இருண்டு கிடக்கும். மர நிழல் இல்லாவிட்டால் வெள்ளைக் குடை வேண்டும். வண்ணக் குடை பிடித்தால் அந்த வண்ணம் பேலட்டிலும் விழும்.

நிறங்களில் என் பிடிவாதம் ஒன்று: ஆறுக்கு மேல் வேண்டாம். அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஆக்கர், லெமன் யெல்லோ, அலிசரின் கிரிம்சன், அத்தோடு எண்ணெயில் டைட்டானியம் ஒயிட். நீர்வண்ணத்தில் வெள்ளைக்குத் தாள் இருக்கிறது. அதனால் அங்கே ஆறாவதாக செருலியன் வைத்துக்கொள்ளுங்கள். பசால்ட் பாறையைக் கறுப்பு டியூபால் தீட்டாதீர்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கிடைக்கும் சாம்பலில் வெயில் பக்கத்துக்குச் சியன்னாவைக் கூட்டி, நிழல் பக்கத்துக்கு நீலத்தைக் கூட்டினால் பாறை உயிர் பெறும். டிசம்பர் புல்லுக்கு யெல்லோ ஆக்கரில் துளி அலிசரின். மழைக்காலப் பச்சைதான் உண்மையான சோதனை. ஜூலையில் பார்க்கும் இடமெல்லாம் பச்சை. சாப் கிரீன் டியூபைத் திறந்தால் படம் முழுக்க ஒரே பாய் விரித்துவிடும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். புதிதாக நட்ட நெல் எல்லாவற்றிலும் வெளிர், மஞ்சள் பக்கம் சாய்ந்தது. மாமரம் எல்லாவற்றிலும் இருண்டது, கொஞ்சம் சிவப்பு வேண்டும். தூரத்துச் சரிவு பச்சையே இல்லை, நீலச் சாம்பல். இந்த மூன்றையும் பிரித்து வைத்தபின் மற்ற பச்சைகள் தாமாக இடையில் உட்காரும். ஏப்ரல், மே மாதங்களில் மாவள், முள்ஷி பக்கம் நாற்றங்காலில் தழையும் சாணமும் பரப்பி எரிப்பார்கள். அதை ‘ராப்’ என்கிறார்கள். காய்ந்த மஞ்சள் நிலத்தில் கரிச் சதுரங்களும் மெல்லிய புகையும் கிடைக்கும் அந்த வாரங்களை எண்ணெயில் பழகுகிறவர்கள் தவறவிடக் கூடாது.

ஒரு நாள் கூடுதலாகக் கையிலிருந்தால் சுவார்கேட்டில் பஸ் ஏறி வாய் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து மேணவலிக்குப் போங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் பேஷ்வாக்களின் அமைச்சர் நானா பட்னவீஸின் வாடாவும் (மாளிகை) கல் படித்துறையும் இருக்கின்றன. 2004இல் வந்த ‘ஸ்வதேஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தப் படிகள் தெரியும். தண்ணீரில் விழும் பிம்பத்தில் வெளிச்சப் பொருள் சற்று மங்கியும் இருண்ட பொருள் சற்று வெளிறியும் தெரியும் என்பதை அங்கே உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம். புனேயில் வாழும் மிலிந்த் முளிக்கின் நீர்வண்ண நூல்களைப் போகும் முன் ஒருமுறை புரட்டுங்கள். எங்கே தீட்டாமல் விடுவது என்பதற்கு அவர் படங்கள் நல்ல பாடம். கோலாப்பூரின் கோட்டிதீர்த்தக் குளக்கரையைத் தீட்டிய அபாலால் ரஹிமானின் படங்களும் எங்கு கண்ணில் பட்டாலும் நின்று பாருங்கள். வீட்டருகே உள்ள ஒரே நீர்நிலை ஓர் ஓவியனுக்கு எவ்வளவு கொடுக்கும் என்று அவை காட்டும்.

எண்ணெய்ப் பலகைக்கு 8க்கு 10 அங்குலம் போதும். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய எம்டிஎஃப் பலகையில் நீர்க்கப் பர்ன்ட் சியன்னா தடவி முந்தின வாரமே காயவைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பலகையில் வெயில் கண்ணைக் கூச வைக்கும். எந்த நிறமும் இருட்டாகவே தெரியும். முதலில் நிழல்களை டர்பன்டைன் கலந்து மெல்லிசாக வையுங்கள். வெளிச்சங்களை வெள்ளை சேர்த்துக் கெட்டியாகக் கடைசியில் வையுங்கள். மெல்லிய பூச்சுக்குமேல் எண்ணெய் கூடிய பூச்சு வர வேண்டும். மாற்றி வைத்தால் பின்னாளில் மேல்பூச்சு வெடிக்கும். பாதியில் எழ நேர்ந்தால் மறுநாள் அதே மணிக்கு அதே இடத்துக்கு வாருங்கள். செல்போன் படத்தைப் பார்த்து வீட்டில் முடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா நிழலைக் கரியாக்கி வானத்தை வெளுத்துவிடும்; நீங்கள் நேரில் பார்த்த நிழலுக்குள் இருந்த நிறங்கள் அதில் இருக்காது.

நிலம் யாருடையதோ அவரிடம் கேட்டு உட்காருங்கள். “ராம் ராம் காகா, இதே பஸூன் சித்ர காடூ கா?” (இங்கே உட்கார்ந்து படம் வரையலாமா?) என்று ஒரு வார்த்தை போதும். வயதான பெண்மணியென்றால் ‘மாவ்ஷி’ என்று கூப்பிடுங்கள். பெரும்பாலும் டீ வரும், கூடவே வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் வருவார்கள். கூடுதலாக இரண்டு தாளும் ஒரு பென்சிலும் வைத்திருங்கள். கடக்வாஸ்லா பக்கம் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நிலமும் மற்ற ராணுவ நிலங்களும் இருக்கின்றன. அவற்றை நோக்கி ஈஸல் விரிக்க வேண்டாம். தூரிகை கழுவிய டர்பன்டைனை வரப்பிலோ ஓடையிலோ கொட்டவே கூடாது. மூடி இறுகிய பாட்டிலில் எடுத்து வந்தால் இரண்டு நாளில் வண்டல் கீழே தங்கும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம்.

மிக முக்கியமான எச்சரிக்கை துடைத்த துணிகளைப் பற்றியது. ஆளி விதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி உருட்டிப் பையிலோ ஸ்கூட்டர் டிக்கியிலோ போட்டால், எண்ணெய் இறுகும்போது வெளிப்படும் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். ஏப்ரல் வெயிலில் ஆபத்து இன்னும் அதிகம். தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் துணிகளைப் போட்டு எடுத்து வாருங்கள்.

ஈரப் பலகைகளை இரண்டிரண்டாக முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் தீக்குச்சித் துண்டு கொடுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாம். மூலையில் விழும் சின்னத் தழும்பை வீட்டில் ஒரு தொடலில் சரிசெய்யலாம். வார்னிஷை, கெட்டிப் பூச்சு உள்ள படமென்றால் ஆறு மாதமாவது கழித்துப் பூசுங்கள். நீர்வண்ணப் படங்களைச் சுருட்டாமல் தட்டையாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். புனேயின் ஜூலை மாதத்தில் திறந்த அலமாரியில் விட்ட பருத்தித் தாளில் பூஞ்சைப் புள்ளி வந்தால் அதை எளிதில் எடுக்க முடியாது.