வீட்டுத்தோட்டத்துக்கும் ஒரு கூட்டம்

இரணைமடுக் குளத்தின் கீழோ வவுனிக்குளத்தின் கீழோ வயல் செய்த குடும்பங்களுக்குப் போகக் கூட்டம் என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. காலபோகம் தொடங்க முன்னர் கமக்காரரும் அதிகாரிகளும் ஓரிடத்தில் கூடுவார்கள். விதைப்பு எப்போது, வாய்க்கால் துப்புரவு எப்போது, எந்தத் திகதிக்கு முன் மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று அங்கே தீர்மானமாகும். அந்தத் தீர்மானத்தை மீறுபவர் முழு வயல்வெளிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டுத்தோட்டத்துக்கு இப்படியொரு கூட்டம் நடந்ததில்லை. முன்பு அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வளவு பெரிதாக இருந்தது, வேலி ஆண்டுதோறும் அடைக்கப்பட்டது, கிணறு சொந்தமாக இருந்தது. இன்று கிளிநொச்சி, வவுனியா நகரங்களை அண்டியும் புதுக்குடியிருப்பு போன்ற இடங்களிலும் குடியமரும் பலருக்கு இந்த மூன்றில் ஒன்றாவது இல்லை. நிறுவனங்கள் விதைப்பொதியும் மண்வெட்டியும் பூவாளியும் வீடு வீடாகத் தருகின்றன. ஆனால் மாடும் வரட்சியும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆகவே விதை போடுவதற்கு முன், ஒரே ஒழுங்கையில் உள்ள எட்டுப் பத்து வீட்டார் ஒருமுறை கூடிப் பேசுங்கள் என்பதே இப்பகுதியின் ஆலோசனை.

பேச வேண்டிய முதல் விடயம் பாதுகாப்பு. உங்கள் வளவும் பக்கத்து வளவும் மிதிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டவைதானா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைக்கு அப்பால் கதியால் வெட்டவோ விறகு எடுக்கவோ போக வேண்டாம். துப்புரவு செய்யும்போது பற்றைக்குத் தீ வைக்காதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கக்கூடும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், அந்த இடத்தை அடையாளமிட்டு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது மாடு. இடப்பெயர்வின்போது அவிழ்த்துவிடப்பட்ட மாடுகளும் அவற்றின் கன்றுகளும் கட்டாக்காலிகளாக அலைகின்றன. கட்டி வளர்க்கும் வசதியற்ற உரிமையாளரின் மாடுகளும் அவற்றோடு சேர்ந்துவிடுகின்றன. ஒரே இரவில் ஒரு பாத்திக் கத்தரியும் போய்விடும். இதற்கு வேலிதான் வழி, ஆனால் வேலிக்குச் செலவு அதிகம். ஒரு கணக்குப் பாருங்கள். ஒரே அளவான நான்கு சதுர வளவுகள் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைத்தால், பொது எல்லைகளை ஒருமுறை மட்டும் எண்ணினாலும், 12 பக்கங்களுக்கு வேலி வேண்டும். நான்கையும் சேர்த்துச் சுற்றி அடைத்தால் 8 பக்கம் போதும். மூன்றில் ஒரு பங்கு கம்பியும் கதியாலும் மிச்சம். உள் எல்லையில் கற்களை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் நட்டு வையுங்கள். வேலி வழக்கு எங்கள் ஊர்களில் எத்தனை உறவுகளை முறித்தது என்பது உங்களுக்கே தெரியும். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதியால்கள் மழையோடு வேர் பிடிக்கும். சீமைக்கிளுவைக் குழை பசளையுமாகும்.

மாடு வைத்திருப்பவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் தீர்மானம் சண்டையில்தான் முடியும். எந்த நேரத்தில் கட்டி வைப்பது, பயிர் அழிந்தால் என்ன செய்வது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவிடுங்கள். உரிமையாளர் தெரியாத மாடுகள் பற்றிப் பிரதேச சபைக்கு அல்லது நகரசபைக்கு எல்லோரும் கையெழுத்திட்டு எழுதலாம்.

கிணறு இதைவிடச் சிக்கலானது. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறுகளை அறிந்தவர்கள் வன்னியிலும் பலர் இருக்கிறார்கள். அங்கே இறைப்பு முறை நாட்கணக்கில் பிரிக்கப்பட்டிருக்கும். கிணற்றுப் பங்கு காணி உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த அளவுக்கு இங்கே தேவையில்லை. யாருக்கு எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கிணற்றடியில் ஒட்டினால் போதும். குடிதண்ணீர் எப்போதும் முதலில். ஆடி, ஆவணியில் நீர் மட்டம் இறங்கும்போது இயந்திர இறைப்பை நிறுத்தி, வாளியால் மட்டும் அள்ளுவது என்று முன்கூட்டியே முடிவெடுங்கள். தண்ணீர் வற்றிய பின்னர் அதைப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள். பெண் தனியே குடும்பம் நடத்தும் வீட்டுக்கு இருட்டு நேர முறையைத் தள்ளிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. அது நியாயமல்ல. முறை பிரிக்கும்போது அவர்களே நேரத்தைத் தெரிவு செய்யட்டும்.

வளவில் இடமில்லாதவர்கள் வாசிகசாலைக் காணியிலோ கோயில் காணியிலோ சேர்ந்து தோட்டம் செய்ய விரும்பலாம். நல்லது, ஆனால் வாய்ச்சொல்லை நம்பி மண்ணைக் கொத்த வேண்டாம். அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் 1970களில் பல கட்டடங்கள் கைவிடப்பட்டு, குப்பை நிறைந்த வெற்றுக் காணிகள் பெருகின. 1973 இல் லிஸ் கிறிஸ்ரி என்ற பெண்ணும் அயலவர்களும் அத்தகைய ஒரு காணியைத் துப்புரவாக்கித் தோட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு மாநகர நிர்வாகம் அதை மாதம் ஒரு டொலர் வாடகைக்குக் கொடுத்தது. இதேபோல நூற்றுக்கணக்கான தோட்டங்கள் உருவாகின. காணி விலை ஏறியதும், 1999 இல் அவற்றில் 100க்கு மேற்பட்டவற்றை ஏலம் விட நிர்வாகம் முனைந்தது. பெரும்பாலான தோட்டங்களுக்கு இருந்தது தற்காலிக அனுமதி மட்டுமே. தோட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள், வழக்குகளும் தொடரப்பட்டன. கடைசியில் இரண்டு தொண்டு அமைப்புகள் அக்காணிகளை விலைக்கு வாங்கியதால் அவை தப்பின.

எங்களுக்கு அப்படி வாங்கித்தர யாரும் வரப்போவதில்லை. ஆகவே காணியின் பொறுப்பாளரிடமிருந்து, அரச காணியானால் பிரதேச செயலாளரிடமிருந்து, எத்தனை போகத்துக்கு அனுமதி, நீண்டகாலப் பயிர் வைக்கலாமா, காணி திரும்பத் தேவைப்பட்டால் அறுவடை வரை அவகாசம் உண்டா என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். கடிதம் ஒருவர் பெயரில் இல்லாமல், பதிவு செய்யப்பட்ட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் இருப்பது நல்லது. ஒருவர் இடம் மாறிப்போனாலும் அனுமதி நிற்கும்.

விதையிலும் ஒரு சொல். பொதியில் ‘கலப்பின விதை’ என்று இருந்தால் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை அதே விளைச்சலைத் தராது. உள்ளூர்க் கத்தரி, பயிற்றை, வெண்டி, பூசணி ஆகியவற்றை வீட்டுக்கு ஒரு வகையாகப் பொறுப்பேற்று, நன்கு முற்றிய காயில் விதையெடுத்து, காயவைத்துச் சாம்பலோடு போத்தலில் அடைத்துப் பரிமாறிக்கொள்ளலாம்.

முதற் கூட்டத்தைப் புரட்டாதி முடிவதற்குள் வைத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்குக் கதியால் நடப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் சந்தித்து, கூட்ட நாளைச் சொல்லி அழைக்கலாம்.