செத்தைக்குத் தீ வைக்காதீர்கள்

பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) என்றால் குடவோலைதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதே கல்வெட்டுகளில் ஏரியைப் பார்க்க ஒரு வாரியம், தோட்டத்தைப் பார்க்க ஒரு வாரியம் என்று இருக்கிறது. நீரையும் மண்ணையும் பொதுக் காரியமாக நினைத்த ஊர் அது. வீட்டுக் குப்பையை எருவாக்குவது பற்றி நம்மிடையே ஊறிப்போன சில நம்பிக்கைகளை அந்த ஊரை மனத்தில் வைத்தே சரிபார்க்கலாம்.

“காய்கறிக் கழிவைச் சேர்த்து வைத்தால் வீடே நாறும்.”

காற்று புகாமல் வைத்தால் நாறும். வடித்த கஞ்சி, மிஞ்சிய ரசம், பழத்தோல் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டி மூடினால், இடுக்கெல்லாம் நீர் நிறைந்துவிடும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகும். நாற்றம் அவற்றின் வேலை. நீர்ச்சத்தை வடித்துவிட்டு, ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலையைக் கலந்து போடுங்கள். கலவையில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு இருக்க வேண்டும். அந்தக் கரிமம் சருகில்தான் இருக்கிறது. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வந்தால் ஈரம் சரி. வாரம் ஒருமுறை கிளறினால் போதும்.

“சருகைக் கொளுத்தினால் சாம்பல் நல்ல உரம்.”

மிகப் பெரிய நஷ்டம் இந்த நம்பிக்கையால்தான். சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும், உண்மைதான். ஆனால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையோடு போய்விடும். மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் மக்கும் அதோடு போச்சு. புறக்கடையின் ஒரு மூலையில் சமையல் கழிவு நாறுகிறது, இன்னொரு மூலையில் அதற்கு மருந்தான சருகு எரிகிறது! குப்பையை வெளியில் எரிப்பதை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தடை செய்தன.

“எருவுக்குக் குழிதான் வெட்ட வேண்டும்.”

வெயில் காலத்தில் குழி ஈரத்தைக் காக்கும், சரி. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் அது குட்டையாகிவிடும். மேட்டில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, மேலே தென்னங்கீற்று போடுவதே நமக்குத் தோது.

“மண்புழு வாங்கி விடாவிட்டால் மக்காது.”

மக்க வைப்பது நுண்ணுயிர்களே. குவியல் நன்றாக வேலை செய்யும்போது சூடு 55 பாகையைத் தாண்டும். அப்போது விட்ட புழு செத்துவிடும். சூடு தணிந்தபின் தரையிலிருந்து தானாக ஏறி வரும்.

வேப்பிலையும் எலுமிச்சைத் தோலும் கலந்தால் எரு கெடாது. தேங்காய் ஓடும் மட்டையும் மட்டும் நெடுநாள் கிடக்கும். மீன் முள், கறி மிச்சம் வேண்டாம். எலியும் நாயும் கிளறும். பாதி மக்கியதைச் செடி வேரில் கொட்டாதீர்கள். கருத்து, உதிரியாகி, மழை பட்ட மண் வாசம் வரட்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

மாசி, பங்குனியில் இலை உதிரும்போது தீப்பெட்டியை எடுக்காதீர்கள். இரண்டு சாக்கு நிறையக் கட்டித் திண்ணையோரம் வையுங்கள். சமையலறை வாளிக்குப் பல மாதம் அது உதவும்.